பாய்லர்காரர் மகள்

தன் கல்யாணக் கதையை ஊரார் வாயால் கேட்பது ஒரு பெண்ணுக்கு முதல் தடவை இனிக்கும். அடுத்த சில தடவைகள் பெருமையாக இருக்கும். மேடைக்கு மேடை, வருஷம் தவறாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் அது வேறு யாரோ ஒருத்தியின் கதையாகிவிடும். அவளுக்கு அப்படித்தான் ஆகியிருந்தது.

அவள் புருஷனை எல்லோரும் பேச்சாளர் என்றுதான் சொல்வார்கள். சலவை ஆலை வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேச அவரை விட்டால் ஆள் கிடையாது. ஆஸ்பத்திரிகளுக்கும் ஓட்டல்களுக்கும் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுத்த பெரிய ஆலை அது. ஆவி பறக்கும் உருளைகளுக்கு நடுவே விரிப்பை நீட்டி இழுக்கிற பெண்களுக்குக் கை வெந்து போகாத நாள் இல்லை. ஒரு மழைக்காலத்தில் அத்தனை பேரும் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். பேச்சாளர் அதைச் சொல்ல ஆரம்பித்தால் உட்கார்ந்திருப்பவர்களின் தோளில் மழை விழும்.

பாதிப் பேச்சில் ஓரிடத்தில் நிறுத்துவார். தண்ணீர் குடிப்பார். "அப்போது புகைக்கூண்டில் புகை வந்தது" என்பார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ளே ஒருவன் இருந்தான்" என்பார். பெயர் சொல்ல மாட்டார். சொல்லத் தேவையும் இல்லை. பாய்லர்காரர்தான் அந்த ஒருவன் என்பது பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். கடைசியில், "அந்தக் கருங்காலியின் மகளைத்தான் நான் கைப்பிடித்தேன். அப்பன் செய்த துரோகத்துக்குப் பெண் என்ன செய்வாள், தோழர்களே?" என்று முடிப்பார். கைதட்டல் அடங்க நேரமாகும். முன்வரிசையில் அவள் தலையைக் குனிந்துகொள்வாள். அதையும் அடக்கம் என்று சொல்லிப் பாராட்டுவார்கள்.

வீட்டிலும் அந்தக் கைதட்டல் அடங்கியதில்லை. தெருவைப் பார்த்த அறையில் துணி தேய்த்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். அந்த இஸ்திரிப் பெட்டிதான் குடும்பத்தைச் சுமந்தது. பேச்சாளரின் பயணச் செலவும் அதிலிருந்துதான். எப்போதாவது சண்டை வரும். வார்த்தை நாக்கு நுனி வரை வரும். யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்காத வீட்டுப் பெண்ணைத் தேடி வந்து கட்டிக்கொண்ட மனுஷன் என்ற நினைப்பும் கூடவே வரும். வார்த்தையை விழுங்கிவிட்டு அடுத்த சட்டையை எடுப்பாள். அப்படி அவள் விழுங்கிய வார்த்தைகளைக் கோத்திருந்தால் புருஷன் எழுதியதைவிடப் பெரிய புத்தகம் ஆகியிருக்கும்.

புத்தகம் அப்போதுதான் அச்சாகி வந்திருந்தது. பேச்சாளர் வாழ்நாளெல்லாம் பேசியதை எழுதி வைத்திருந்தார். அட்டையில் ஆலையின் புகைக்கூண்டுப் படம். சனிக்கிழமை நூலகத்து மாடியில் வெளியீட்டுக் கூட்டம்.

அந்த வாரத்தில் ஒரு காலை. தூறல் விட்டபாடில்லை. காயாத துணியெல்லாம் கடைக்கு வந்து ஈரவாடை வீசியது. பின்கட்டில் அவள் உருளைக்கிழங்கு வேக வைத்துக்கொண்டிருந்தாள். அவள் அப்பா, அந்தப் பாய்லர்காரர், முக்காலியில் உட்கார்ந்து வெந்த கிழங்கைச் சுடச்சுடத் தோலுரித்தார். நெருப்பிலேயே கிடந்த விரல்களுக்குச் சூடு ஒரு பொருட்டில்லை. காதுதான் போய்விட்டது. பாய்லர் இரைச்சல் அதைத் தின்றுவிட்டது. அவரிடம் ஒரு சேதி சொன்னால் அடுத்த வீட்டுக்கும் சேர்த்துச் சொன்னதாக அர்த்தம்.

கிழங்குக் கையைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மடியில் எடுத்து வைத்தார். அவருக்கு எழுத்து வாசனை கிடையாது. அட்டையைத் தடவிப் பார்த்தார்.

"கூட்டம் சனிக்கிழமைதானே? நானும் வரேன்" என்றார்.

கூட்டம் என்ற வார்த்தையைக் கேட்டாலே தொப்பியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் நடக்கப் போய்விடுகிறவர் அவர். "நீங்க எதுக்குப்பா அங்க?" என்று கத்தினாள்.

"படத்தைப் பாரு. புகைக்கூண்டைப் போட்டிருக்காரு மாப்பிள்ளை. அப்ப எல்லாத்தையும் சொல்லிட்டாருன்னுதானே அர்த்தம்? இனிமே நான் வெளியே தலைகாட்டலாம்."

"என்னத்தைச் சொல்லிட்டாரு?"

பாய்லர்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உன்கிட்டயும் சொல்லலையா? கல்யாணத்தன்னிக்கே சொல்லியிருப்பாருன்னுல்ல நினைச்சேன்."

பிறகு கிழங்கை உரித்துக்கொண்டே, யாருக்கோ நடந்தது போலச் சொன்னார். அந்தப் பாய்லர் கிழடு. முழுசாக ஆறவிட்டால் உள்ளே செங்கல் விரிசல் விடும், குழாயெல்லாம் கசியும். பழுது பார்த்து மறுபடி ஏற்ற மாசக்கணக்காகும். முதலாளிக்கு அது தெரியும். பாய்லர் செத்தால் அதையே சாக்காக வைத்து ஆலையை மூடிவிட்டு, வேறு ஊரில் குறைந்த கூலிக்கு ஆள் பிடித்துத் திறந்துவிடலாம் என்று காத்திருந்தார். வேலைநிறுத்தம் தொடங்கும் முன்னால் சங்கத்துச் செயலாளர் பாய்லர்காரரைத் தனியாகக் கூப்பிட்டார். நீ வேலைக்கு வருகிற மாதிரி உள்ளேயே இரு, அடுப்பில் சாம்பல் மூடி நெருப்பை மட்டும் காப்பாற்று, ஒருத்தருக்கும் தெரியக் கூடாது, சங்கத்தின் ஏற்பாடு என்று தெரிந்தால் முதலாளி அன்றைக்கே உன்னைத் துரத்திவிட்டுத் தண்ணீர் ஊற்றிவிடுவான் என்றார். இந்த ஏற்பாடு செயலாளருக்குத் தெரியும், பாய்லர்காரருக்குத் தெரியும். பின்பக்கக் கம்பி வேலி வழியாக ரொட்டி கொண்டுவந்து கொடுத்த இளைஞனுக்கும் தெரியும்.

"அந்த ரொட்டிப் பையன்தான் மாப்பிள்ளை" என்றார்.

வெந்து கொண்டிருந்த தண்ணீர் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேலைநிறுத்தம் பாதி வெற்றியோடு முடிந்ததும் உடனே சொல்ல முடியவில்லையாம். சொன்னால் முதலாளி பழிவாங்குவார், கொஞ்சம் பொறு என்றாராம் செயலாளர். பொறுத்திருக்கும்போதே அவர் காய்ச்சலில் போய்விட்டார். அதன் பிறகு பேச்சாளர் பெண் கேட்டு வந்தபோது, "நேரம் வரும்போது மேடையில நானே சொல்றேன் மாமா" என்று வாக்குக் கொடுத்தாராம். ஆலை மூடியது, இடித்தார்கள், அந்த இடத்தில் வண்டி நிறுத்துகிறார்கள். அந்த நேரம் மட்டும் வரவில்லை.

"அம்மாகிட்ட?" என்று கத்தினாள்.

"அவளும் உருளையில நின்னவதானே. வெளியே நின்னு கோஷம் போட்டவ. அவகிட்டச் சொன்னா முகத்துல தெரிஞ்சிடாதா? சொல்லலை. அப்புறம் சொல்ல வாய் வரலை. வாக்கு கொடுத்தது கொடுத்ததுதானேம்மா."

அம்மா. அந்த மழைக்காலத்துக்குப் பிறகு அம்மா அப்பாவுக்குத் தட்டில் சோறு வைப்பாள், எதிரே உட்கார மாட்டாள். சாகிற வரை அப்படித்தான். அவள் சாவுக்கு வந்த ஆலைப் பெண்கள் வாசற்படியோடு நின்று அழுதுவிட்டுப் போனார்கள். கருங்காலி வீட்டுப் படி ஏறவில்லை.

கிழங்கு வேலை முடிந்ததும் கடைக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினாள். தேட வேண்டியிருக்கவில்லை. தண்ணீர் குடிப்பது ஒன்றுதான் இல்லை, புகை வந்த இடம் மேடையில் சொல்வது போலவே இருந்தது. உள்ளே ஒருவன் இருந்தான்.

மதியம் பேச்சாளர் கடையின் முன்னால் நடந்தபடியே சனிக்கிழமைப் பேச்சை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். அப்பா ரொட்டி விஷயத்தைச் சொன்னதாகச் சொன்னாள். அவர் நடையை நிறுத்தினார். இல்லை என்று மறுத்திருந்தால்கூட அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வகுப்பு எடுக்கிற தோரணையில் விளக்கினார். இரண்டாவது வாரமே ஜனங்கள் சோர்ந்து போனார்கள். வீட்டில் அடுப்பு எரியவில்லை, பிள்ளைகள் அழுதன. நாளைக்கு உள்ளே போய்விடலாம் என்று முணுமுணுப்பு. அப்போதுதான் யாரோ புகையைக் காட்டினார்கள். உள்ளே ஒரு கருங்காலி என்றதும் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் மீதி நாளையும் நின்றார்கள். அவனை மாதிரி ஆகக் கூடாது என்கிற வைராக்கியம். செயலாளரே அதைப் பார்த்துவிட்டு, இதுவும் நல்லதுக்குத்தான் என்றார்.

"ஒரு மனுஷனை வெச்சு அத்தனை குடும்பம் நின்னுச்சு. வரலாறுன்னா அப்படித்தான் இருக்கும்" என்றார்.

"வரலாறு இருக்கட்டும். எங்கப்பா உங்க எதிர்லதானே உக்காந்து சாப்பிடறாரு. எப்படி உங்களுக்குத் தொண்டைக்குள்ள இறங்குது?"

அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைத் திருகினார்.

"நான் எத்தனை நாள் உங்க காலைத் தொட்டுக் கும்பிடலாம்னு நினைச்சிருக்கேன் தெரியுமா? எனக்கு வாழ்வு கொடுத்தீங்கன்னு. நீங்க கொடுத்தது என்ன? எங்க வீட்டுச் சொத்தையே திருடி வெச்சுக்கிட்டு, அதுல ஒரு பிடி எடுத்து எனக்கே தானம் பண்ணியிருக்கீங்க."

பேச்சாளரின் முகம் சிறுத்தது. சனிக்கிழமை சொல்லிவிடுகிறேன் என்றார். புத்தகத்தில் போனது போகட்டும், அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளலாம். மேடையில் சொல்லிவிடுகிறேன்.

அவள் நம்பினாள். நம்பாமல் வேறு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரே கூரையின் கீழ் அத்தனை வருஷம் வாழ்ந்த பழக்கம் அது.

சனிக்கிழமை பாய்லர்காரர் முகம் மழித்துக்கொண்டு, அவள் தேய்த்துக் கொடுத்த சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு வந்தார். நூலகத்து மாடி நிறைந்திருந்தது. கல்லூரிப் பிள்ளைகள், பழைய சங்கத்துக்காரர்கள், ஈரக் குடைகள். ஆலைப் பெண்களில் மிஞ்சியவர்கள் இடப்பக்கம் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே உருளை அக்கா. முதல் உருளையில் நின்றவள், வெந்து சுருங்கிய முழங்கையை மறைக்காமல் மேசையில் வைத்துப் பேசுகிறவள். பாய்லர்காரர் உள்ளே நுழைந்ததும் அவர்கள் பக்கம் பேச்சு நின்றது. அவர் எல்லோரையும் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவளும் முன்வரிசையை விட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பேச்சாளர் அன்றைக்கு என்றைக்கும் இல்லாத அளவுக்கு நன்றாகப் பேசினார். மழை வந்தது, வெந்த கைகள் வந்தன. ஓரிடத்தில் ஜனம் சிரித்தது, ஓரிடத்தில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள். பாய்லர்காரருக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. மற்றவர்கள் முகத்தைப் பார்த்து அவரும் சிரித்தார், அவரும் உருகினார்.

பேச்சாளர் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். கடைசி வரிசையைப் பார்த்தார். மேடையில் நிற்கிற மனுஷனின் கையில் தம்ளர் லேசாக ஆடுவது அங்கிருந்தே தெரிந்தது. சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். அந்தக் கணத்தில் அவர் மேல் அவளுக்கு வந்த பிரியம், கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

"அப்போது புகைக்கூண்டில் புகை வந்தது" என்றார். தம்ளரை வைத்தார். ஆட்டம் நின்றுவிட்டது. "உள்ளே ஒருவன் இருந்தான்."

பழக்கப்பட்ட குதிரை தன் வழியிலேயே போனது. கருங்காலி வந்தான். கருங்காலியின் மகள் வந்தாள். அப்பன் செய்த துரோகமும் வந்தது. கூடவே புதிதாக ஒன்றையும் சேர்த்தார்: மன்னிப்பதற்கும் ஒரு துணிவு வேண்டும் தோழர்களே, அந்த மனிதர் இன்று இதே அரங்கில் அமர்ந்திருக்கிறார், அவரை அழைத்து வந்ததும் நாம்தான். அத்தனை தலையும் பின்னால் திரும்பியது. கைதட்டல் எழுந்தது.

பாய்லர்காரர் கண் நிறைந்து எழுந்து நின்று, எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினார்.

கூட்டம் முடிந்து நடைகூடத்தில் தேநீர் கொடுத்தார்கள். கையெழுத்துக்கு நின்ற கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு பேச்சாளர் அவளிடம் வந்தார். சன்னல் ஓரமாக இழுத்துப் போய், வாய்க்குள்ளேயே பேசினார். வார்த்தை வாய் வரை வந்துவிட்டதாம். அத்தனை முகத்தையும் பார்த்ததும் முடியவில்லையாம்.

"சொல்லிட்டா நான் யாரு? யோசிச்சுப் பாரு. கருங்காலி மகளைக் கட்டினவன்னுதான் எனக்கு இங்க பேரு. வேலி வழியா ரொட்டி கொடுத்ததைத் தவிர அந்தப் போராட்டத்துல நான் வேற என்ன பண்ணினேன்?"

அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னொண்ணு. நீ கோச்சுக்கக் கூடாது. வேலைநிறுத்தத்துக்கு முன்னாடி உன் பின்னாலயே சுத்துவேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. பாய்லர்காரர் மகள்னா அன்னிக்கு அவ்வளவு மரியாதை, எத்தனை பேர் பெண் கேட்டாங்க. உங்கப்பாவைப் பத்தின நிஜத்தை அப்பவே சொல்லியிருந்தா உன்னை எனக்குக் கொடுத்திருப்பாங்களா?"

இஸ்திரி மேசை முன்னால் அவள் நின்ற வருஷங்கள் எல்லாம் ஒரு தடவை காலில் வலித்தன. அவரைப் பார்த்தாள். கெட்டவர் முகமாக இல்லை. காய்ச்சல் வந்தால் கஷாயம் கொடுத்து, சட்டைக் காலர் தேய்த்து, அனுப்பிவைத்த அதே முகம். அதுதான் தாங்கவில்லை.

அதற்குள் பாய்லர்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார். மாப்பிள்ளையின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"சொல்லிட்டீங்களா மாப்பிள்ளை? எனக்கு ஒண்ணும் விளங்கலை. ஆனா எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கை தட்டினாங்க. சொல்லிட்டீங்கதானே?"

பேச்சாளர் அவளைப் பார்த்தார். கண்ணால் கெஞ்சினார். பிறகு பாய்லர்காரரைப் பார்த்து, நிதானமாக, பெரிதாக, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலோடு அவளுக்குள் மிச்சமிருந்ததும் அறுந்து போயிற்று. இத்தனை காலம் விழுங்கியவள் இந்த ஒன்றை விழுங்க முடியாமல் அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"இல்லப்பா. சொல்லலை."

அவர் சரியாகப் பிடிக்காமல் கையைக் காதுக்குக் குவித்தார். அவள் தன் முழுக் குரலையும் எடுத்தாள். "சொல்லலைப்பா. நீங்கதான் காட்டிக்கொடுத்தீங்கன்னு மறுபடியும் சொன்னாரு. அதுக்குத்தான் கை தட்டினாங்க."

நடைகூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. கையெழுத்து வாங்கியவர்கள் புத்தகத்தை மூடாமல் திரும்பினார்கள். பாய்லர்காரர் பிடித்திருந்த கையை மெல்ல விட்டார். "ஆளுங்க அதிகம். மறந்திருப்பாரு" என்றார்.

"மறக்கலைப்பா. செயலாளர் சொல்லித்தான் நீங்க உள்ள இருந்தீங்கன்னு அவருக்குத் தெரியும். ரொட்டி கொண்டுவந்ததே அவருதானே. ஆலையை மூடக் கூடாதுன்னு நெருப்பைக் காப்பாத்தினது நீங்கன்னு தெரிஞ்சேதான் சொல்லலை."

அவருக்குச் சொன்னதை அத்தனை பேரும் கேட்டார்கள். ஒரு மாணவன் பேச்சாளரைப் பார்த்து, இது நிஜமா தோழர் என்றான். பேச்சாளருக்கு வாழ்க்கையில் முதல் முறையாகப் பேச்சு வரவில்லை. படிக்கட்டைப் பார்த்தார். அங்கும் ஆட்கள் நின்றார்கள்.

உருளை அக்கா தேநீரை வைத்துவிட்டு வந்தாள். ஆலை வாசலில் பாய்லர்காரர் காலடியில் காறித் துப்பியவள் அவள்தான். அதன் பிறகு அவர் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் மாறிக்கொள்வாள். இப்போது நேராக வந்து, அவர் காதருகே வாயைக் கொண்டுபோனாள்.

"எங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"என்னது?"

"தெரியும்ங்கிறேன். வேலைக்குத் திரும்பின அன்னிக்கு மணி அடிச்ச உடனே உருளை சூடு. ஆறின பாய்லருக்கு அப்படி ஆவி வருமா? ராத்திரியெல்லாம் எரிச்சாலும் வராது. நீ உள்ள இருந்து ஆலையை ஓட்டியிருந்தா வெளுத்த விரிப்பு அடுக்கியிருக்கணும். ஒரு துணி நனையலை. பார்த்த எல்லாருக்கும் புரிஞ்சுது. அதுக்குள்ள உன் மேல துப்பியாச்சு. துப்பினதை எப்படித் திரும்ப எடுக்கிறது? ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காம வேலையைப் பார்த்தோம்."

இடப்பக்கம் நின்ற பெண்கள் யாரும் மறுக்கவில்லை. பாய்லர்காரர் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மகளைப் பார்த்தார். மாப்பிள்ளை பக்கம் மட்டும் திரும்பவில்லை. உருளை அக்காவிடம் கேட்டார்.

"அவளும் அன்னிக்கு உன் பக்கத்துலதானே நின்னா? எம் பொஞ்சாதி. அவளுக்குமா தெரியும்?"

உருளை அக்கா குனிந்து சொன்னபோது முதல் தடவையாகக் குரல் தாழ்ந்திருந்தது. ஆனாலும் அவருக்குக் கேட்டது.

"அவதான் முதல்ல குழாயைத் தொட்டுப் பார்த்தா. கையை எடுக்காம அப்படியே நின்னா, சுட்டிருக்கும். அப்புறம் விரிப்பை எடுத்து நீட்டினா. ஒண்ணும் சொல்லலை."